பத்தில் ஒரு பங்கு

ஸ்பானிய நாவலில் ‘தியெஸ்மோ’ என்றொரு சொல் வருகிறது. தேவாலயக் காணிக்கையா, வரியா?

இரண்டும்தான். ‘பத்தாவது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. விளைச்சலில் பத்தில் ஒன்றைத் திருச்சபைக்கு அளப்பது ஸ்பெயின் உழவருக்குப் பல நூற்றாண்டுகள் கட்டாயம். கோதுமை, திராட்சை ரசம், ஆட்டுக்குட்டி எனப் பொருளாகவே கொடுத்தார்கள். அதில் ஒன்பதில் இரண்டு பங்கு மன்னருக்குப் போனது! விதை, கூலி எதையும் கழிக்காமல் மொத்த விளைச்சலில் கணக்கிட்டதுதான் பெரும் கொடுமை. 1837-இல் சட்டம் போட்டு ஒழிக்கத் தொடங்கி, 1841-இல் முடித்தார்கள்.

‘தியெஸ்மார்’ என்று வந்தால் உஷார்! போரோ கொள்ளைநோயோ மக்களைக் கொன்று குவிப்பதைச் சொல்லும் வினை அது; பத்துப் பேரில் ஒருவரைக் கொல்லும் ரோமானியப் படைத் தண்டனையின் எச்சம்.

கதை இன்றைய லத்தீன் அமெரிக்காவில் நடக்கிறதென்றால், விசுவாசிகள் சபைக்குத் தரும் தசமபாகம் என்றே வாசிக்கலாம்.