உச்சி வெயிலும் உலக்கையும்

சென்னை அஸ்தினாபுரத்து மொட்டை மாடியில் வடாம் காயப்போடுகிறவர்களைக் கேளுங்கள். பகல் 12 மணிக்குச் சூரியன் தினமும் நேர் உச்சிக்கு வரும் என்பார்கள். வராது. நம் ஊருக்கு அது வருடத்தில் இரண்டே நாள்தான்: ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். அதுவும் சரியாகப் பன்னிரண்டுக்கு அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக் கணக்கில் ஓடுகிறது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அதனால் ஏப்ரலில் 12.07, ஆகஸ்டில் 12.13 ஆகிவிடும். அந்த நேரத்தில் ஒரு பேட்டரி செல்லைச் சமதளத்தில் நிமிர்த்தி வையுங்கள். நிழலே இருக்காது.

ஏப்ரல் 24-க்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போயிருக்கும். கடகரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிக்காரர்களுக்கு இந்தக் காட்சி ஒருநாளும் கிடையாது.

கத்திரி வெயிலில் சூரியன் பூமிக்குக் கிட்டே வந்துவிடுகிறது என்பது அடுத்த நம்பிக்கை. பூமி சூரியனுக்கு மிக அருகில் போவது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிரில்: சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மே மாதத்தில் தூரம் கூடிக்கொண்டே போய், ஜூலையில் 15.2 கோடியைத் தொடுகிறது. மே மாதம் நம்மை வாட்டுவது செங்குத்தாக விழும் வெயிலும், வாரக்கணக்கில் காய்ந்த தரையும், கடற்காற்றை மதியம் தாண்டியும் உள்ளே விடாத மேல்காற்றும்.

உலக்கைக்கு வருவோம். கிரகணத்தின்போது மட்டும் தாம்பாளத் தண்ணீரில் அது தானாக நிற்குமாம். 2019 டிசம்பர் 26 அன்று, கோவை, கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் சூரியன் வளையமாகத் தெரிந்த காலையில், எங்கள் தெருவிலும் நிறுத்தினார்கள், நின்றது. மறுவாரம் அதே உலக்கையைக் கேட்டு வாங்கி நிறுத்திப் பார்த்தேன். அன்றும் நின்றது. அடியில் தட்டையான பூணும், பொறுமையாகப் பிடிக்க ஓர் ஆளும் இருந்தால் போதும்.

உலகமே 6 நிமிடம் இருளும் என்ற வாட்ஸப் செய்தியில் பாதி உண்மை உண்டு. 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் அருகே முழுச் சூரிய கிரகணம் 6 நிமிடம் 23 நொடி நீடிக்கும். ஆனால் அந்த இருள் சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பட்டைக்குள் மட்டும்தான். அஸ்தினாபுரத்தில் விளக்குப் போட வேண்டியிருக்காது.

வானம் பார்க்க டெலஸ்கோப் வேண்டும் என்பதும் கட்டுக்கதை. சர்வதேச விண்வெளி நிலையம் வெறும் கண்ணுக்கே தெரியும். மீனம்பாக்கத்து விமானங்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி: விமானம் கண்சிமிட்டும், அது சிமிட்டாது.

நாள்காட்டியில் நான் வட்டம் போட்டு வைக்க நினைப்பது 2028 டிசம்பர் 31. அன்று இரவு சுமார் 9.45 முதல் 11 மணி வரை நிலா முழுக்கச் சிவந்திருக்கும். பூமியின் நிழல் நிலாவை விட்டு விலகுவது நள்ளிரவு 12 தாண்டிச் சில நிமிடங்களில். கிரகணம் என்றால் கோயில் நடை சாத்துவார்கள். புத்தாண்டு என்றால் 12 மணிக்குத் திறப்பார்கள். அன்று எங்கள் தெருக் கோயிலில் என்ன செய்யப்போகிறார்கள் என்று குருக்களிடம் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.