குரல்வளைப் புற்று: கத்தியா, கதிரா, இரண்டுமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை தினமும் போய்வரக்கூடிய தூரம். கரண்ட் (கதிர் சிகிச்சை) வைக்க வாரம் 5 நாள், 6, 7 வாரம் அலைய வேண்டியவருக்கு இது பெரிய சௌகரியம். அதற்காகவோ, கத்திக்குப் பயந்தோ கதிரைத் தேர்ந்துவிடாதீர்கள்.

கட்டி சிறிதாக, குரல் நாணோடு நின்றிருந்தால் லேசர் அறுவையோ கதிரோ ஒன்றே போதும். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே இரண்டையும் சேர்ப்பது வீண் வேதனை.

முற்றிய கட்டியில்தான் குழப்பம். 1991இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு 332 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் குரல்வளையை எடுத்துவிட்டுக் கதிர். மறு பாதிக்குக் கீமோ, பிறகு கதிர். இரண்டு ஆண்டு முடிவில் இரு பக்கமும் 68% பேர் உயிரோடு இருந்தனர். மறு பாதியில் 64% பேருக்குக் குரல்வளையும் மிஞ்சியது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கதிரோடு சேர்த்தே கொடுத்தால் குரல்வளை இன்னும் அதிகம் பேருக்குத் தப்புகிறது என்று 2003இல் தெரிந்தது. ஆகவே மூச்சும் விழுங்குதலும் ஒழுங்காக இருப்பவர் முதலில் இந்த வழியைக் கேட்கலாம்.

கட்டி குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டதா? சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்குகிறதா? அப்படியானால் முதலில் அறுவை, பிறகு கதிர் என்பதே என் உறுதியான கருத்து. வேலை செய்யாத குரல்வளையைக் காப்பாற்றி என்ன பயன்? கதிர் பட்ட கழுத்தைப் பின்னால் அறுத்தால் புண் ஆறத் தாமதமாகும். எச்சில் கசியும் துளையும் விழலாம்.

அறுவைக்குப் பின் 6 வாரத்துக்குள் கதிர் தொடங்குவது நல்லது. ஆகவே சொத்தைப் பல்லை முன்கூட்டியே பிடுங்கிவிடுங்கள். கதிருக்குப் பின் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் அபாயம் உண்டு. எடுத்த சதையின் ரிப்போர்ட்டில் ஓரத்தில் புற்று மிச்சம் என்றோ, கழுத்து நெறிக்கட்டியின் உறையைத் தாண்டிவிட்டது என்றோ வந்தால், உடம்பு தாங்குமானால் கதிரோடு கீமோவும் சேரும்.

குரல் போனால் பேச்சே போய்விடுவதில்லை. உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே வைக்கும் சிறு வால்வு பலரைப் பேச வைக்கிறது. பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் 50 ரூபாய் அளவில் கிடைக்கும்படி அப்படியொன்றை உருவாக்கினார். அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே வால்வைப் பற்றிக் கேளுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரையும் கதிர் மருத்துவரையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடுங்கள். ஸ்கேன் படங்களை இருவரிடமும் காட்டுங்கள். பீடியை அன்றே நிறுத்துங்கள். புகைத்துக்கொண்டே வைக்கும் கதிருக்குப் பலன் குறைவு.