'என்ன வயசு? எந்த லெவல்?'

டல்லாஸ் பக்கம் பிளேனோ, ஃபிரிஸ்கோ என்று எங்கே திரும்பினாலும் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம் கண்ணில் படும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் நாற்காலி போட்டு நாம். நம் தமிழ் அம்மாக்கள் நாலு பேராவது அங்கே இருப்பார்கள். பேச்சு எப்போதும் இரண்டு கேள்வியில்தான் தொடங்கும். "என்ன வயசு? எந்த லெவல்?" பதிலைச் சொன்னதும் எதிரே இருப்பவர் மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரியும்.

என் பெண்கள் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வந்தாகிவிட்டது. ஆனால் பிள்ளைகளைப் புதிதாகச் சேர்த்த தங்கைகள் அனுப்பும் வாட்ஸ்அப் மட்டும் நிற்கவில்லை. "அக்கா, இவளுக்கு எட்டு முடிஞ்சிடுச்சு, இன்னும் லெவல் 3தான். லேட் ஆயிடுச்சா?" தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த எண் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பின் பெண்கள் பிரிவில் மொத்தம் 10 லெவல். 1 முதல் 5 வரை 'கம்பல்சரி'. நாடு முழுக்க ஒரே ரொட்டீன், ஃப்ளோருக்கும் ஒரே இசை. (ஒரு சீசன் முடிவதற்குள் அந்த இசை உங்களுக்குத் தூக்கத்திலும் கேட்கும்.) 6 முதல் 10 வரை 'ஆப்ஷனல்'; விதிகளுக்கு உட்பட்டு ஒவ்வொருத்திக்கும் சொந்த ரொட்டீன். இதற்குப் பக்கத்திலேயே 'எக்ஸெல்' என்று தனிப் பாதை ஒன்று ஓடுகிறது: பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், சஃபையர். எக்ஸெல்லில் விதி கொஞ்சம் தளர்வு, பெரும்பாலும் பயிற்சி நேரமும் குறைவு. ஆகவே எக்ஸெல் கோல்டில் இருக்கும் பிள்ளையை லெவல் 4 பிள்ளையோடு வைத்துப் பார்ப்பது, ஸ்டேட் போர்டு மார்க்கையும் சிபிஎஸ்இ மார்க்கையும் ஒரே தராசில் போட்ட கதைதான்.

குறைந்தபட்ச வயது என்று ஒன்று உண்டு. லெவல் 4-க்கு 7 நிறைந்திருக்க வேண்டும், லெவல் 10-க்கு 9. இது பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட வரம்பு. அதற்குக் கீழே இறக்கிவிடாதே என்கிறது, அவ்வளவுதான். இதை எடுத்துவைத்துக்கொண்டு 'ஏழு வயசில் லெவல் 4-இல் இருந்தாக வேண்டும்' என்று அட்டவணை போடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்காருங்கள்.

அடுத்து, ஜிம்முக்கு ஜிம் வழக்கம் மாறும். ஒரு ஜிம் லெவல் 3-இலேயே போட்டிக்கு இறக்கும். இன்னொன்று முதல் சில லெவல்களைத் தாண்டவிட்டு நேராக 4-இல் இறக்கும். லெவல் 6-ஐத் தாவி 7-க்குப் போகிற பிள்ளைகள் உண்டு. வால்ட், பார்ஸ், பீம், ஃப்ளோர் என்று நாலு கருவிக்கும் சேர்த்து மொத்தம் 40 மதிப்பெண். அதில் 36-ஐத் தொடாமல் மேலே ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கும் கோச் இருக்கிறார், அடுத்த லெவலுக்கான ஸ்கில் கையில் வந்துவிட்டால் போதும் என்று தள்ளிவிடும் கோச்சும் இருக்கிறார். சில ஜிம்கள் டீம் கோப்பைக்காகவே நன்றாகச் செய்கிற பிள்ளையை அதே லெவலில் இன்னொரு வருடம் உட்கார வைப்பதும் நடக்கும். எனக்கு அது பிடிக்காது. ஆனால் அந்தப் பிள்ளை கழுத்து நிறைய மெடலோடு நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் உங்கள் மகளைப் பார்த்து நீங்கள் பெருமூச்சு விட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். மீட்டில், அதாவது போட்டியில், ஆட்கள் நிறைய இருந்தால் ஒரே லெவலையும் பிறந்த தேதி வாரியாகப் பிரித்துத்தான் மெடல் தருவார்கள். ஏழு வயதுக்காரியோடு பதினொரு வயதுக்காரி மோதுவது குறைவு.

எனவே "எந்த லெவல்?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால், "வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். வாரம் ஆறு மணி நேரம் வருகிற பிள்ளையும் பதினாறு மணி நேரம் வருகிற பிள்ளையும் ஒரே வயதில் ஒரே லெவலில் இருந்தால், யார் வேகமாகப் போகிறாள் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தக் கேள்வியில் இன்னொரு பயனும் உண்டு. டாக்டர் நீரு ஜெயந்தி என்ற விளையாட்டு மருத்துவர் சிகாகோவில் இருந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விளையாட்டு வீரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். வாரத்தில் தன் வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கு, ஓய்வில்லாத உழைப்பால் வரும் காயங்கள் அதிகம் என்று அதில் தெரிந்தது. எட்டு வயது என்றால் எட்டு மணி நேரம். ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தக் கோட்டைப் பலரும் தாண்டுகிறார்கள், உண்மை. தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்டுங்கள்; வாரத்தில் முழுசாக ஒரு நாளாவது, வருடத்தில் சில வாரங்களாவது உடம்புக்கு லீவு கொடுங்கள்.

கிப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி அம்மாக்களின் கண்ணீர் அங்கேதான். பாரில் தொங்கி, உடம்பை முன்னால் வீசி, கால் விரலைப் பார் வரை கொண்டுவந்து, அப்படியே கையை ஊன்றி மேலே எழும்புவதுதான் கிப். லெவல் 4-இல் இது இல்லாமல் பார்ஸ் ரொட்டீனே இல்லை. ஒருத்திக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும், இன்னொருத்திக்கு ஒரு வருடம் ஆனாலும் வராது. வயிற்றுத் தசை, தோள் பலம், கை நீளம், எல்லாவற்றுக்கும் மேலே டைமிங். நேற்று வரை வராதவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திடீரென்று வரும். அன்றிலிருந்து அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. கிப் சீக்கிரம் வந்தவள்தான் கடைசி வரை போவாள் என்று எந்தக் கணக்கும் கிடையாது. வரவில்லை என்று வாரம் மூன்று பிரைவேட் கிளாஸ் போட்டு, பிள்ளையின் உள்ளங்கைத் தோலை உரித்தவர்களும் உண்டு. வாரத்துக்கு ஒன்று போதும். வீட்டில் தொங்கிப் பழகுவதும் வயிற்றுக்கான பயிற்சியும் காசில்லாமல் நடக்கும்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பத்து, பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரை பெண் பிள்ளைகள் சட்டென்று உயரம் போடுவார்கள். கை கால் நீளுகிறது, எடை கூடுகிறது, உடம்பின் பளு நிற்கும் இடம் மாறுகிறது. போன வருடம் கண்ணை மூடிக்கொண்டு பீமில் பின்னால் வளைந்து எழுந்தவள், இந்த வருடம் பீம் மேல் ஏறவே தயங்குவாள். அது சோம்பேறித்தனமும் இல்லை, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை. மூளை புது உடம்புக்குப் பழக நேரம் கேட்கிறது. அந்த நேரத்தில் "பக்கத்து வீட்டு ஷ்ரேயா லெவல் 7 போயிட்டா" என்று நீங்கள் ஆரம்பித்தால், பிள்ளை ஜிம்மையும் வெறுக்கும், ஷ்ரேயாவையும் வெறுக்கும். எடையைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீடியோ கால் பாட்டியிலிருந்து லீவுக்கு வந்த சித்தி வரை. பயிற்சி முடிந்து வந்ததும் வயிறு நிறையச் சோறு போடுங்கள். தயிர், முட்டை, பருப்பு எதையும் குறைக்காதீர்கள். மாதவிலக்கு வர வேண்டிய வயதில் வராமல் தள்ளிக்கொண்டே போனாலோ, வந்தது நின்றுபோனாலோ, அதை 'ஸ்போர்ட்ஸ் பிள்ளைகளுக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள். சாப்பாடு பத்தவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளம், எலும்பையும் பாதிக்கும்.

'சின்ன வயசிலேயே போனால்தான்' என்கிற இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் 14 வயது நாடியா கொமனெச்சி முழு 10 வாங்கியதிலிருந்து உலகமே குட்டிப் பெண்களைத் தேட ஆரம்பித்தது. பிறகு விதியை மாற்றி, 1997-இலிருந்து அந்த ஆண்டில் 16 ஆகிறவர்கள்தான் ஒலிம்பிக்ஸ் பெண்கள் பிரிவில் பங்கேற்கலாம் என்றார்கள். அப்போதும் விட்டார்களா? சிட்னி 2000-இல் சீன அணியில் இருந்த டோங் ஃபாங்சியாவுக்கு உண்மையில் 14தான் என்று பிற்பாடு தெரியவந்து, 2010-இல் அந்த அணியின் வெண்கலத்தைப் பறித்து அமெரிக்காவுக்குக் கொடுத்தார்கள். ஒரு நாடே வயதைத் திருத்தும் அளவுக்குப் போன பைத்தியம் இது; கண்ணாடி ஓரம் நடப்பது அதன் சின்ன வடிவம்.

இப்போதைய நிலவரத்தைப் பாருங்கள். பாரிஸ் 2024-இல் தங்கம் வாங்கிய அமெரிக்கப் பெண்கள் அணியில் ஐந்து பேர். சிமோன் பைல்ஸுக்கு 27, ஜேட் கேரிக்கு 24, ஜோர்டன் சைல்ஸுக்கு 23, சுனி லீக்கு 21. பதினாறு வயதுக்காரி ஹெஸ்லி ரிவேரா ஒருத்திதான். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவித்தினா பெய்ஜிங்கில் ஜெர்மனிக்காக வால்ட்டில் வெள்ளி வாங்கியபோது வயது 33. டோக்கியோவில் இறங்கியபோது 46. நம் அகர்தலா தீபா கர்மாகருக்குத் தட்டைப் பாதம். இது சரிப்படாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ரியோ 2016-இல் வால்ட்டில் 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தாள். ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம் வாங்கியது 2024-இல், 30 வயதில். உங்கள் மகள் ஒலிம்பிக்ஸ் போவாள் என்று இதைச் சொல்லவில்லை. பெரும்பாலும் போக மாட்டாள், என் பெண்களும் போகவில்லை. எட்டு வயது லெவலைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். கல்லூரி ஸ்காலர்ஷிப் கனவு இருக்கிறவர்களுக்கும் இதேதான்: கல்லூரி கோச்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன்னால் பிள்ளைகளோடு பேசவே விதி அனுமதிப்பதில்லை.

இனி நாற்காலியில் உட்காரும் விதம். "எந்த லெவல்?" என்று கேட்டால் எண்ணைச் சொல்லிவிட்டு உடனே, "இந்த வாரம் ஃப்ளோர்ல ஒரு டம்ப்ளிங் வந்திருக்கு, ஒரே குஷி" என்று பேச்சைத் திருப்புங்கள். தினமும் உட்கார்ந்து பார்க்காதீர்கள். பிள்ளை ஒவ்வொரு முறை விழுந்ததும் கோச்சைப் பார்ப்பதை விட்டுக் கண்ணாடியைப் பார்க்கும். அதற்காகப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் லாரி நாசரின் பாலியல் குற்ற வழக்குக்குப் பிறகு அமெரிக்காவில் பிள்ளையோடு பெரியவர் தனியாக இருப்பது மற்றவர் கண்ணில் படும்படியும் குறுக்கிடும்படியும் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பெற்றோர் உள்ளே வரவே கூடாது, கேமராவும் கிடையாது என்று சொல்லும் ஜிம்மில், மெடல் எத்தனை தொங்கினாலும், சேர்க்காதீர்கள்.

கோச்சிடம் பேச வேண்டும் என்றால் பயிற்சி முடியும் அவசரத்தில், மற்ற பெற்றோர் காதில் விழக் கேட்காதீர்கள். நேரம் வாங்கி உட்கார்ந்து, "எப்போ மேலே போவா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "அடுத்த லெவலுக்கு எந்த ஸ்கில் பாக்கி இருக்கு, எந்தக் கருவியில பயப்படறா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சமாளிப்புதான் பதிலாக வரும். இரண்டாவதற்கு உருப்படியான பதில் கிடைக்கும்.

ஒப்பிட்டே தீருவேன் என்று கை பரபரத்தால், போனில் ஆறு மாதம் முந்தைய வீடியோவை எடுத்து அவளுக்கே போட்டுக் காட்டுங்கள். மீட் முடிந்து காரில் ஸ்கோர் பேச வேண்டாம்; பசிக்கிறதா என்று கேளுங்கள், அவளே ஆரம்பித்தால் காதைக் கொடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்கோர் ஷீட் போடுவதை அறவே நிறுத்துங்கள். அங்கே அது உடனே ஒன்றுவிட்ட அத்தை பெண்ணின் அபாகஸ் லெவலோடு மோதும்.

வாரம் ஒரு முறை கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "எங்கேயாவது வலிக்குதா?" மணிக்கட்டு, குதிகால், முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே முதுகு. வளரும் எலும்பின் நுனி இன்னும் முற்றாத வயது இது. மணிக்கட்டு வலியைக் கட்டுப் போட்டு மறைத்துக்கொண்டே செய்தால் வளர்ச்சியே பாதிக்கலாம். அணியில் இடம் போய்விடும் என்று பிள்ளைகள் வலியை மறைப்பார்கள், நீங்கள் லெவலைப் பற்றியே பேசினால் இன்னும் நன்றாக மறைப்பார்கள். ஓய்வு எடுத்தும் வலி விடவில்லை என்றால், அடுத்த வாரம் ஸ்டேட் மீட்டாகவே இருக்கட்டும், பிள்ளைகளுக்கான ஸ்போர்ட்ஸ் டாக்டரிடம் முதலில் கூட்டிப் போங்கள்.