கிணறு வெட்டும்போது கிடைத்ததாம்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘தேவராயர் காலத்து அரை வராகன், ஊரில் கிணறு வெட்டும்போது கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், இன்னொருவர் கேட்கிறார்’ என்றாராமே அந்த ஆள். வாங்காதே அம்மா.

அவர் சொல்வது பொய்யானால் உன் பணம் போச்சு. மெய்யானால் இன்னும் மோசம். மண்ணுக்கடியில் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தானே என்று நினைக்காதே, இன்றும் செல்லும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண் தோண்டியபோது ஒரு பித்தளைப் பாத்திரத்தில் 505 பொற்காசுகள் வந்தன. மொத்த எடை 1.716 கிலோ. வகுத்துப் பார், ஒரு காசு 3.4 கிராமுக்குப் பக்கத்தில் வரும். வராகனின் எடையும் அதேதான். பாத்திரத்தோடு, எண்ணிக்கையோடு அரசாங்கத்திடம் போனதால்தான் உன்னாலும் என்னாலும் இந்தக் கணக்கைப் போட முடிகிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஆளுக்கு நாலு காசாகப் பிரித்துக்கொண்டிருந்தால்?

புதுக்கோட்டைக் கதை இன்னும் பழையது. 1898-இல் அந்தச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சிப் பக்கம் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ என்று முதல் நூற்றாண்டுச் சக்கரவர்த்திகளின் முகங்கள். பெரும்பாலானவற்றில் அந்த முகத்தின் மேலேயே உளியால் ஒரு வெட்டு. இனி இது காசாகச் செல்லாது, உலோகமாகத்தான் மதிப்பு என்று காட்டவே வெட்டினார்கள் என்பது அறிஞர்கள் சொல்லும் ஒரு காரணம். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஹில் என்பவர் அதே ஆண்டில் அவற்றை விவரித்து எழுதி வைத்தார். அதில் ஒரே ஒரு காசு தனியாக உன் கைக்கு வந்திருந்தால் என்ன நினைத்திருப்பாய்? யாரோ பாழாக்கிய காசு, விலையைக் குறைத்துக் கேட்போம் என்றுதான். குவியலாகப் பார்த்தால்தான் அந்த வெட்டு வேண்டுமென்றே போட்டது என்று புரிகிறது. அதனால், எந்தக் காசைக் கையில் எடுத்தாலும் எத்தனை கேரட் என்று கேட்பதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது, இதற்கு முன் யார் வைத்திருந்தார்கள் என்று கேள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் பேரம் பேசாதே.

சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பில் போட்டுத் தருகிற, பொருளுக்குப் பொறுப்பேற்கிற ஏலக் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே சின்னதாகத் தொடங்கு. தங்கப் பணம் வாங்கு. துவரம் பருப்பு அளவுதான் இருக்கும், அரை கிராமைத் தொடாது. கள்ளிக்கோட்டைப் பக்கத்து வீரராயன் பணம் ஏராளமாகப் புழங்கியது. அதில் நாலைந்தை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பழகினாலே கண் தேறிவிடும். பிறகு கும்பினியின் சென்னை ஸ்டார் பகோடா. ஒரு பக்கம் சாமி, மறுபக்கம் குறுமணி பரப்பினாற்போல் புள்ளிகள், நடுவில் நட்சத்திரம். 42 பணம் கொண்டது ஒரு பகோடா என்று கணக்கு வைத்திருந்தார்கள். 1818-இல் ரூபாய் வந்து அந்தக் கணக்கை முடித்துவைத்தது. கிருஷ்ணதேவராயரின் பாலகிருஷ்ணன் காசு எல்லோருக்கும் ஆசைதான், எனக்கும். ஆசை அதிகமுள்ள இடத்தில் போலியும் அதிகம். அதை அவசரப்பட்டு வாங்காதே.

சோதிக்கிற வழி கேட்டிருந்தாய். உரைகல்லில் உரைக்காதே, ஆசிட் சொட்டு விடாதே. இரண்டும் காசைக் கெடுக்கும். 0.01 கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள். முதலில் காசை நிறுத்து எழுதிக்கொள். பிறகு தராசில் அரை டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கு. காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியிலோ ஓரத்திலோ படாமல் தொங்கவிடு. 3.4 கிராம் காசு நல்ல தங்கமானால் தராசு 0.2 ஒட்டிக் காட்டும். பித்தளைக்கு முலாம் பூசியது என்றால் 0.4 வரை போகும். தனிப் பணத்துக்கு இந்தச் சோதனை ஆகாது, எடை போதாது. நிஜத் தங்கத்திலேயே போலி செய்கிறவர்களையும் இது பிடிக்காது. அதற்கு லென்ஸ்தான் கதி. காசு அச்சில் அடித்ததா, வார்த்ததா என்று பார். வார்ப்பானால் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியலாம், எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், ஊசிமுனைக் குழிகள் இருக்கும்.

வாங்கியதைத் துலக்காதே. உன் பெரியம்மா நகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரஷ்ஷால் தேய்க்கிற தேய்ப்பில் காசைச் சேர்த்தால் இருக்கிற எழுத்தும் போய்விடும். விளிம்பைப் பிடித்துத் தூக்கு. ஒவ்வொரு காசுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கு: எடை, விட்டம், யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலைக்கு, அவர் சொன்ன வரலாறு. ரசீதையும் அதிலேயே ஒட்டிவிடு.

சிங்கப்பூரில் இருக்கும் உன் தம்பிக்கு ஒன்று அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தாய். கூடாது. நூறு ஆண்டு தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். நம் போன்றவர்கள் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. அவன் லீவில் வரும்போது பார்த்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. அப்பத்தாவின் காசுமாலை உன் அம்மாவிடம் இருக்கிறதல்லவா, அதை அழித்து வளையல் செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். கொஞ்சம் பொறுக்கச் சொல். அதில் ராஜா தலை போட்ட சவரன்கள் இருக்கின்றன. பின்பக்கம் குதிரை வீரன் நிற்கிற தரையில், வருஷத்துக்கு நேர் மேலே, லென்ஸ் வைத்துப் பார். 1918 என்று இருந்து, அதன் தலைமேல் ஆங்கில ‘ஐ’ எழுத்து பொடியாக இருந்தால், அது நம் பம்பாயில் அடித்த சவரன். அந்த ஒரே வருஷம்தான் அங்கே அடித்தார்கள். வளையம் பற்றவைத்ததால் சேகரிப்பவர்கள் குறைத்துத்தான் கேட்பார்கள், பரவாயில்லை. விலைக்காகச் சொல்லவில்லை, உருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அந்த ஆளுக்கு நாளைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடு. லீவு நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்குப் போய், ஒரு அரை நாள் நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. வெள்ளிக்கிழமை போய் நிற்காதே, அன்றைக்கு விடுமுறை.

அன்புடன்,
பெரியப்பா