பழைய சீடியாவுக்குப் புதுப் பெயின்ட்: லோன் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை

வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆச்சு. காலேஜ்ல படிக்கும்போது ரோட்டுல பார்த்து ஏங்கின கார் இப்போ செகண்ட் ஹேண்ட்ல கைக்கு எட்டுற விலையில வருது. வாங்கியாச்சு. இன்ஜின் நல்லா இருக்கு, ஆனா பேனட் வெளுத்துப்போய்க் கிடக்கு. ஹெட்லைட் மஞ்சள் அடிச்சிருக்கு. பின் சக்கரத்துக்கு மேல சின்னதா ஒரு கொப்புளம். பட்டறையில காட்டினா, "முழுசா அடிச்சிடலாம் சார், அறுபதாயிரம் ஆகும்"னு பதில் வருது. அங்கேயே நின்னுக்கிட்டு போன்ல பர்சனல் லோன் ஆப்பைத் திறக்கிறோம்.

திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. 60,000 ரூபாயை 14 சதவீத வட்டியில 2 வருஷத்துக்கு எடுத்தா மாசம் கிட்டத்தட்ட 2,880 ரூபாய் இ.எம்.ஐ. வட்டி மட்டும் 9,100 ரூபாய்க்கு மேல. கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் மட்டும் கட்டினா, மாசம் 3.5 சதவீத வட்டின்னு வெச்சாலே வருஷத்துக்கு 42 சதவீதம். சரி, கார் விலையாவது அந்த அளவுக்கு ஏறுமா? ஏறாது. முழுசா பெயின்ட் அடிச்ச பழைய காரைப் பார்த்தா, "ஆக்ஸிடென்ட் ஆன வண்டியா?"ன்னுதான் வாங்க வர்றவர் முதல்ல கேட்பார்.

இந்தக் கட்டுரைக்கு உதாரணமா மிட்சுபிஷி லான்சர் சீடியாவை எடுத்துக்கிறேன். நம்ம திருவள்ளூர்ல இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில தயாரான கார். 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். நாலு கதவு செடான்தான், இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லலாமான்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. இந்திய ராலிகள்ல பல வருஷம் புழுதி கிளப்பின வண்டி, அதனால அந்தப் பேரை நான் தாராளமா கொடுப்பேன். உங்ககிட்ட வேற பழைய கார் இருந்தாலும் கீழே சொல்ற முறை பெரும்பாலும் அதேதான்.

முதல்ல கண்டுபிடிக்க வேண்டியது, காருக்கு என்ன நோய்ங்கறது. வெளுப்பு, உரிதல், துரு மூணும் வேற வேற. மூணுக்கும் சேர்த்து ஒரே பில் போடும்போதுதான் நம்ம பர்ஸ் காலியாகுது.

கார் பெயின்ட்ல மேல இருக்கிற நிறமில்லாத அடுக்குக்குப் பேர் கிளியர் கோட். தடிமன் சுமாரா 40, 50 மைக்ரான், அதாவது நம்ம தலைமுடியை விட மெலிசு. பழைய காரோட மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த அடுக்கோட மேல்பரப்புல விழுந்த நுண்ணிய கீறல்களும் வெயிலும்தான். இதை நாமளே வீட்டுல சரி பண்ணலாம். ஆனா பேனட்லயோ கூரையிலயோ தோல் உரியிற மாதிரி வெள்ளை ஓரத்தோட திட்டுத் திட்டா தெரிஞ்சா, அங்க கிளியர் கோட்டே போயிடுச்சு. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் திரும்பி வராது. அந்த ஒரு பேனலை மட்டும் பட்டறையில அடிச்சுக்கலாம், முழுக் காரும் தேவையில்ல. கீறலுக்கு நகப் பரிசோதனை: குறுக்கே நகத்தை ஓட்டுங்க. நகம் மாட்டினா கீறல் ஆழம், பாலிஷுக்கு மசியாது.

துருதான் உண்மையான செலவு. கதவோட கீழ் ஓரம், படிக்கு அடியில, சக்கர வளைவோட உள் மடிப்பு, டிக்கியில ஸ்டெப்னி வைக்கிற குழி, இங்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. கதவுக்கு அடியில தண்ணி வெளியேற சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைச்சா தண்ணி உள்ளேயே நின்னு தகடு உள்ளிருந்து அரிக்கும். அந்த ஓட்டைகளை ஒரு குச்சியால சுத்தம் பண்ண ஆகிற செலவு பூஜ்யம். கடலோர ஊர்ல இருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். கூடவே ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில சுத்தி தகடு மேல நகர்த்துங்க. ஒட்டாத இடத்துல உள்ள பட்டி தடிமனா இருக்கு, யாரோ முன்னாடி டிங்கரிங் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். (பம்பர் பிளாஸ்டிக், அங்க ஒட்டாது. பயந்துடாதீங்க.) வாங்குறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணியிருந்தா பேரம் பேசவும் உதவியிருக்கும்.

தகட்டோட மேல்பரப்புல மட்டும் துரு இருந்தா நாமளே பார்க்கலாம். வெள்ளைத் தகடு தெரியிற வரைக்கும் எமரி பேப்பரால தேய்க்கணும். அப்புறம் துரு மாற்றும் திரவம், அது காய்ஞ்சதும் எபாக்ஸி பிரைமர், அதுக்கு மேல கலர். கலர் கோடு இன்ஜின் அறையில இருக்கிற தகட்டுலயோ கதவுத் தூண்லயோ இருக்கும். துரு மேல நேரா பட்டி பூசி மறைக்காதீங்க. வெளியில அழகா இருக்கும், உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். குத்தினா ஸ்க்ரூடிரைவர் உள்ள போகுதா? அப்போ அது வீட்டு வேலை இல்ல. தகடு வெட்டி வெல்டு பண்ணணும். அந்த அறுபதாயிரத்துல ஒரு பகுதியைச் செலவு பண்றதா இருந்தா இங்க பண்ணுங்க.

இப்போ பளபளப்புக்கு வருவோம். நிழல்ல நிறுத்தி, ரெண்டு பக்கெட் வெச்சுக் கழுவுங்க: ஒண்ணுல ஷாம்பு, இன்னொண்ணுல துணியை அலச வெறும் தண்ணி. அடுத்து க்ளே பாரை நிறைய வழுக்கும் திரவத்தோட தேய்ச்சா, ஒட்டியிருக்கிற இரும்புத் தூசும் மரப்பாலும் வந்துடும். கீழே விழுந்த க்ளேயை மறுபடி எடுத்துத் தேய்க்காதீங்க, மண்ணே கீறிடும். ரப்பர் பீடிங், பேனல் ஓரங்கள் எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப்.

பாலிஷ் மெஷின்ல ரெண்டு வகை. பட்டறையில சுத்துறது ரோட்டரி. பழகாத கையில ஒரே இடத்துல நின்னா ஓரத்துல பெயின்ட்டை எரிச்சுடும். நமக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் சரி. சில ஆயிரம் ரூபாய் ஆகும். நண்பர்கள் மூணு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கினா போதும், வருஷத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தேவைப்படாது. முதல்ல ரெண்டடி சதுரத்துல மட்டும், லேசான பாலிஷ், மெத்தையான பேட். பத்தலைன்னா மட்டும் கடினமான காம்பவுண்டுக்குப் போங்க. ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் கொஞ்சம் குறையுதுங்கறதை மறந்துடாதீங்க. அது திரும்ப வளராது. முடிஞ்சதும் சீலன்ட் அல்லது மெழுகு.

ஹெட்லைட் பாலிகார்பனேட். ஆயிரம், ரெண்டாயிரம், மூவாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரால வரிசையா தண்ணி விட்டுத் தேய்ச்சு, பாலிஷ் போட்டு, கடைசியில யூ.வி. பூச்சு. அந்தப் பூச்சை விட்டுட்டா சில மாசத்துலயே மறுபடி மஞ்சள். டூத்பேஸ்ட் போட்டாலும் அதே கதைதான்.

ஒரு விஷயத்துல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே கிளியர்ல ஐசோசயனேட் இருக்கு. அது தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வரவைக்கிற பொருள். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ஸ்ப்ரே பண்ணினா உங்களோட பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. அந்த வேலை ஸ்ப்ரே பூத் இருக்கிற பட்டறைக்கே போகட்டும்.

"இன்ஷூரன்ஸ்ல போட்டா என்ன?"ன்னு கேட்பீங்க. வெளுப்பும் துருவும் தேய்மானம், பாலிசியில வராது. யாரோ உரசிட்டுப் போன பம்பருக்குக் கிளைம் பண்ணலாம். ஆனா கணக்குப் பாருங்க. பெயின்ட் பில் மொத்தமா 9,000 ரூபாய்னா அதுல 25 சதவீதம் பொருள் செலவுன்னு எடுத்து, அதுல பாதியைத் தேய்மானமா கழிப்பாங்க: 1,125. 1500 சிசிக்கு மேல இருக்கிற காருக்குக் கட்டாயமா நாம ஏத்துக்க வேண்டியது 2,000. கைக்கு வர்றது 5,875. பதிலுக்கு 50 சதவீத நோ கிளைம் போனஸ் பூஜ்யமாகி, 20, 25, 35, 45ன்னு படிப்படியா ஏறி, 50க்குத் திரும்ப அஞ்சு வருஷம். போனஸ் கழிக்கிறதுக்கு முன்னாடி ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷம் 8,000னு மாறாம வெச்சா, இந்த இடைவெளியில நீங்க கூடுதலா கட்டுறது 10,000 ரூபாய்.

நிறத்தை மாத்தற ஆசை இருந்தா, ஆர்.சி.யிலயும் நிறத்தை மாத்தணும், ஆர்.டி.ஓ. வேலை இருக்கு. இன்னொரு செலவையும் குறிச்சுக்கோங்க. சொந்தக் காரோட பதிவு 15 வருஷம்தான். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ரூபாய் ஆச்சு, வண்டியும் தகுதிச் சோதனையில தேறணும். சக்கர வளைவுத் துருவையும் மங்கின ஹெட்லைட்டையும் அதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. அந்த இ.எம்.ஐ. தொகையில ரெண்டாயிரத்தை மாசா மாசம் தனி ஆர்.டி.யில போட்டுட்டு வாங்க. தகடு வெட்டுற வேலைக்கு பட்டறைக்குப் போற அன்னைக்கு எடுத்துக்கலாம்.