கௌசிகன் கற்ற இறுதிப் பாடம்

கல்லூரிகள் விழா எடுக்குங் காலத்தில், தம் மாணவர் ஈட்டிய பதவிகளையும் பட்டங்களையும் கணக்கிட்டு மகிழ்தல் வழக்கம். அது தக்கதே. ஆயினும், கல்வி நமக்குத் தந்தவற்றை எண்ணும் வேளையில், அக்கல்வியின் பொருட்டு நாம் பிரிந்து வந்தவரையும் எண்ணுதல் முறையாகும். மகன் படித்து முன்னேறவேண்டுமென்று காணியை ஈடுவைத்தவரும், கழுத்திற் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவரும் பெற்றோரே. படித்த மகனோ ஊரில் நிலைத்தல் அரிதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகந் தேடிச் சென்றனர். வேறு பலர் கொழும்புக்குச் சென்றனர். 1983ஆம் ஆண்டின் பின்னர் இலண்டனுக்கும் தொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் சிதறிச் சென்றனர். பெற்றோரிற் பலர் ஊரிலேயே முதுமை எய்தினர். அவர்தம் இறுதி நாள்களில் நமது கடமை யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

மகாபாரதத்து வனபருவத்திலே, மார்க்கண்டேய முனிவர் தருமபுத்திரருக்கு உரைக்கும் கதை ஒன்றுண்டு. கௌசிகன் என்னும் அந்தணன் வேதம் ஓதுவதிலே பெரு விருப்புடையவன். தன்மேல் எச்சமிட்ட கொக்கைச் சினந்து நோக்கி வீழ்த்தியவன். தமிழ்நாட்டில் இதே செய்தி கொங்கணவர் பெயரோடு வழங்குவதை நம்மிற் பலர் சிறு வயதிலேயே கேட்டிருப்போம். பிச்சை ஏற்கச் சென்ற வீட்டில், கணவனுக்குப் பணிசெய்து தாமதித்து வந்த இல்லாள் கௌசிகனது செருக்கை உணர்த்தி, தருமம் அறியவேண்டின் மிதிலையில் இறைச்சி விற்கும் தருமவியாதனிடம் செல்லுமாறு பணித்தாள். அவனும் சென்றான். தருமவியாதன் நெடும்பொழுது தருமநுட்பங்களை எடுத்துக் கூறினான். ஈற்றில் அவனைத் தன் வீட்டுக்குள் அழைத்துச் சென்று, முதிர்ந்த தாய் தந்தையரைக் காட்டி, தான் வழிபடுந் தெய்வங்கள் இவர்களே என்றான். பின்னர், அதுவரை வேறெவரும் கௌசிகனுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னான். பெற்றோரின் அனுமதியின்றி வேதங் கற்க நீ வீட்டைவிட்டு வந்தாய். உன்னைப் பிரிந்த துயரத்தால் அவர்கள் கண்ணொளி இழந்தனர். திரும்பிச் சென்று அவர்களைப் பேணுவாயாக, என்பதே அவ்வுரையின் சாரம். கௌசிகன் அவ்வாறே வீடு திரும்பினான்.

இக்கதையில் நாம் கருதவேண்டியவை மூன்று. கௌசிகனிடத்துக் காணப்பட்ட குறை கல்லாமையன்று. கற்றல் ஒன்றையே கருதியமை. அக்குறையை எடுத்துக் காட்டியவன் நூல் பல கற்ற பண்டிதனல்லன். அன்றாடம் பெற்றோருக்குப் பணிவிடை செய்தவன். மூன்றாவது, கௌசிகன் திரும்பும்படி ஏவப்பட்டது பெற்றோர் உயிருடன் இருக்கும் காலத்திலாகும்.

இம்மூன்றாவதே நாம் பெரிதும் மறப்பது. தாயை இழந்தவர் சித்திரா பூரணையும், தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையும் நோற்கின்றோம். அந்தியேட்டியை முறையாக நடத்துகின்றோம். கீரிமலைக் கடலில் நீராடிப் பிதிர்க்கடன் செலுத்துகின்றோம். இவை போற்றத்தக்க வழக்கங்களே. ஆனால், இவை அனைத்தும் உயிர் பிரிந்தபின் தொடங்குவன. உயிர் பிரியுமுன் செய்யவேண்டிய பணிக்குப் பஞ்சாங்கத்தில் நாள் குறிக்கப்படவில்லை. ஆகவே, மரணச் செய்தி கேட்டு அன்றிரவே விமானம் ஏறுகின்ற நாம், நோய்ச் செய்தி கேட்டபோது அடுத்த விடுமுறை வரட்டும் என்று இருந்துவிடுகின்றோம். மரணச் சடங்குக்கு வந்தவனை ஊர் காணும். பணிவிடைக்கு வந்தவனையே தாய் காண்பாள்.

துறந்தாரும் இக்கடனைத் துறந்திலர். பட்டினத்தார் தம் அன்னையின் ஈமக்கடனை ஆற்ற வந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. காலடியிற் பிறந்த சங்கரர், இறுதிக் காலத்தில் வருவேன் என்று தாய்க்கு அளித்த வாக்கின்படி, அவர் உயிருடனிருக்கும்போதே வந்து சேர்ந்தார் என்றும், சுற்றத்தார் மறுத்தும் துறவியாகிய தாமே இறுதிக் கிரியைகளைச் செய்தார் என்றும் அவர் வரலாறு கூறும். துறவுக்கே விலக்கில்லாத கடன் உத்தியோகத்துக்கு எவ்வாறு விலக்காகும்?

இனி, வந்தவன் செய்யவேண்டுவது யாது? அருகில் அமர்ந்து அழுதல் மட்டும் பணிவிடையாகாது. படுக்கையிற் கிடப்பவரை ஏறத்தாழ 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். இன்றேல் குதிகால், இடுப்பு, முள்ளந்தண்டின் அடி ஆகிய இடங்களிற் படுக்கைப்புண் தோன்றும். மரணம் அணுகும்போது பசி குன்றுதல் உடலின் இயல்பு. அன்பு மிகுதியால் உணவை வற்புறுத்தி ஊட்டின் அது மூச்சுக்குழலிற் புகுதல் கூடும். அந்நிலையில், நனைத்த பஞ்சினால் உதட்டையும் வாயையும் ஈரமாக்குதல் பெரிதும் ஆறுதலளிக்கும்.

நோவைத் தாங்கிக்கொள்ளல் விதியென்று விடுதலும் தகாது. தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின் வைத்தியரான சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் 1967இல் இலண்டனிற் புனித கிறிஸ்தோப்பர் இல்லத்தை நிறுவினார். இறப்போரின் நோவு உடலோடு நில்லாது உள்ளத்தையும் குடும்பத்தையும் ஆன்மாவையும் தொடுவதென்று அவர் உணர்த்தினார். உலக சுகாதார நிறுவனம் 1986இல், புற்றுநோயாளரின் நோவைத் தணிக்கும் மருந்தை இயன்றவரை வாய்வழியாகவும், நோவு மீண்டும் வருமுன் குறித்த நேரத்திலும், நோவின் கடுமைக்கேற்பப் படிப்படியாகவும் கொடுக்கும் முறையை வகுத்தது. மோர்பின் என்றதும் உயிரைப் போக்கும் மருந்தென நம்மவர் அஞ்சுவர். வைத்தியர் அளவறிந்து கொடுக்குமிடத்து அவ்வச்சம் வேண்டுவதில்லை.

நமது இல்லங்களில் உயிர் பிரியும் வேளையிலே திருவாசகம் ஓதுதல் மரபு. நோயாளர் உணர்விழந்துவிட்டார், இனி ஓதி என்ன பயன் என்று வினவுவோர் உளர். கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இறுதி வேளையில் உணர்வற்றுக் கிடந்த நோயாளர் சிலரின் மூளையும் ஒலிக்கு ஏற்ப இயங்கியதைக் கண்டது. அவர்கள் பொருளுணர்ந்து கேட்டனர் என்று அதனாற் சொல்லல் இயலாது. எனினும், காதருகே மெல்ல ஓதுதலும், வந்துவிட்டேன் அம்மா என்று பேசுதலும் வீணென்று கருத இடமில்லை. கட்டிலருகே நின்று காணிப் பங்கைப் பற்றி உரையாடுவோரும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

மற்றொன்றும் கூறல் வேண்டும். தூர தேசத்திலிருந்து வருபவன் வெறும் வீட்டுக்கு வருவதில்லை. பல ஆண்டுகள் கஞ்சி காய்ச்சி, துணி துவைத்து, இரவில் விழித்திருந்த தமக்கையோ தம்பியோ மருமகளோ அங்கு உளர். வந்த மறுநாளே மருந்தையும் வைத்தியரையும் குறை கூறிக் கட்டளையிடுபவன் மேற்பார்வையாளனாகிறான், மகனாவதில்லை. முதலில் அவன் செய்யத்தக்கது, இன்றிரவு நான் விழித்திருக்கின்றேன், நீங்கள் உறங்குங்கள் என்று சொல்லுதலே.

பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்று இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கின்றது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புப் பணம் கோருவதற்கும் அதில் இடமுண்டு. சட்டம் பணத்தைப் பெற்றுத் தரலாம்; நெற்றியில் வைக்குங் கையைப் பெற்றுத் தரல் அதற்கு இயலாது.

வர இயலாதவரை நாம் பழிக்கின்றோமல்லேம். 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், பாதை அடைபட்டும் அகதி நிலையிற் பயணஞ் செய்ய உரிமையற்றும், தாயின் முகம் காணாது அழுதவர் எண்ணிறந்தோர். அவர்கள் வாராமை அவர்தம் குற்றமன்று. இன்றும் கடவுச்சீட்டின்மையாலும் வறுமையாலும் பிணியாலும் தடைப்படுவோர் உளர். அத்தகையோர் நாள்தோறும் குறித்த வேளையில் தொலைபேசியிற் பேசுதலும், அருகிருந்து பார்ப்பவரின் செலவையும் சுமையையும் பகிர்தலும் பணிவிடையின் பகுதியே.

ஆனால், விடுமுறை ஒன்றே தடையாயிருப்போர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். மரணச் சடங்குக்கென ஒதுக்கும் அதே நாள்களை, அதே பயணச் செலவை, சில மாதங்கள் முன்னதாக வழங்கின் என்ன? இரண்டில் ஒன்றுக்கே வரக்கூடுமெனின், பெற்றோர் நம் குரலை அறியக்கூடிய காலத்தில் வருதலே சிறந்தது என்பது நம் துணிபு. கௌசிகனுக்குத் தருமவியாதன் உரைத்ததும் அதுவே. இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் நாளை நெடுந்தூரம் செல்வர், செல்லுதல் நன்றே. திரும்பும் வழியையும் கல்வியின் பகுதியாக அவர்களுக்குக் கற்பித்தல் ஆசிரியர்க்கும், அதனை நடந்து காட்டுதல் பழைய மாணவராகிய நமக்கும் உரிய கடமையாகும்.