பிரௌனியில் பூ: எங்கே சேர்ப்பது, எங்கே நிறுத்துவது

பூ மணக்கும் சாக்லேட் பிரௌனி என்றால், “சோப்பைக் கடிச்ச மாதிரி இருக்குமே” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. லாவண்டரிலும் மல்லிகையிலும் உள்ள லினலூல், ரோஜாவில் உள்ள பினைல் எத்தில் ஆல்கஹால் ஆகிய இரண்டும்தான் குளியல் சோப்பிலும் முகப்பவுடரிலும் மணக்கின்றன. மூக்கு எங்கே பழகியதோ அங்கேதான் நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் சாக்லேட்டுக்குப் பூ புதிதல்ல. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் காதுப்பூ என்று அழைக்கப்பட்ட ஒரு மலரின் தடித்த இதழ்களைக் காயவைத்து, இடித்து, கோகோ பானத்தில் கலந்து குடித்தார்கள். ஈக்வடாரின் நாசியோனல் கோகோவை அதன் பூ மணத்துக்காகவே தேடி வாங்குகிறார்கள். அதில் யாரும் பூவைச் சேர்ப்பதில்லை, லினலூல் அந்தக் கொட்டையிலேயே இருக்கிறது. கோகோவுக்குள் ஏற்கெனவே இருக்கும் பூவைக் கொஞ்சம் தூக்கிவிடுவதுதான் நம் வேலை. அதை மறந்து, மேலே கொட்டிக் கவிழ்க்கும்போதுதான் சோப்பு வாசனை வருகிறது.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 20 செ.மீ. சதுரத் தட்டுக்கு. டார்க் சாக்லேட் 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 2, மைதா 70 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சாக்லேட்டையும் வெண்ணெயையும் உருக்கி, சர்க்கரையும் முட்டையும் அடித்த கலவையில் சேர்த்து, மாவைச் சலித்துப் போட்டு, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஊற்றி, 175 டிகிரி செல்சியஸில் 22 முதல் 25 நிமிடம். இது யாருக்கும் தெரிந்த பிரௌனிதான். பூவை எந்த இடத்தில் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செய்யுங்கள்: மணத்தைக் கொழுப்பில் ஏற்றுங்கள், இல்லையென்றால் வெந்த பிறகு மேலே சேர்த்துக்கொள்ளுங்கள்

பூ மணம் காற்றில் பறக்கும் பொருள், அதனால்தான் தூரத்திலிருந்தே மூக்குக்கு எட்டுகிறது. மாவில் இரண்டு ஸ்பூன் பன்னீரை ஊற்றி ஓவனில் வைத்தால் நீராவியோடு மணமும் வெளியேறும். வீடே கமகமக்கும், பிரௌனியில் ஒன்றும் மிஞ்சாது. அதைப் பார்த்து அடுத்த முறை ஆறு ஸ்பூன் ஊற்றுகிறவர்கள்தான் சோப்புக் கோஷ்டியை உருவாக்குகிறார்கள்.

வழி இரண்டு. முதல் வழி, உருகிய வெண்ணெயில் உலர்ந்த ரோஜா இதழ் இரண்டு மேசைக்கரண்டி போட்டு, அடுப்பை அணைத்து, மூடி அரை மணி நேரம் வைத்து வடிகட்டுவது. கொழுப்பு மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வடிகட்டும்போது இதழோடு கொஞ்சம் வெண்ணெயும் போய்விடும் என்பதால், 130 கிராம் எடுத்துத் தொடங்கி, கடைசியில் 115 கிராம் வருகிறதா என்று நிறுத்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி, மேற்பூச்சு. 80 மி.லி. கிரீமைச் சூடாக்கி 100 கிராம் சாக்லேட் மேல் ஊற்றிக் கலக்கினால் கனாஷ். அது விரல் வைத்தால் வெதுவெதுப்புக்கூடத் தெரியாத அளவுக்கு ஆறிய பிறகு ஒன்றரை டீஸ்பூன் பன்னீர் சேர்த்து, ஆறிய பிரௌனிமேல் தடவுங்கள். வெந்த பிரௌனிமேல் பூசுவது பழைய வழக்கம்தான். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, பெர்த்தா பாமர் கேட்டுக்கொண்டதன் பேரில் பாமர் ஹவுஸ் விடுதியில் முதல் பிரௌனி உருவானது என்று அந்த விடுதி சொல்லிவருகிறது. அதன் தலையிலும் ஆப்ரிகாட் பழப்பாகு பூசியிருந்தார்கள்.

செய்யாதீர்கள்: உருகிய சாக்லேட்டில் பன்னீரை ஊற்றாதீர்கள்

சாக்லேட் உருகிப் பளபளவென்று இருக்கும்போது ஒரு ஸ்பூன் பன்னீர் விழுந்தால் போதும், அடுத்த நொடி திரிந்து கட்டியாகிவிடும். சாக்லேட்டில் உள்ள சர்க்கரையும் கோகோத் துகளும் அந்தச் சொற்ப ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் கூடுதலாக இருந்தால் இது நடக்காது. கனாஷில் கிரீமின் ஈரம் ஏற்கெனவே நிறைய இருப்பதால் ஒன்றரை ஸ்பூன் பன்னீர் அதை ஒன்றும் செய்வதில்லை. மாவிலேயே பன்னீர் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அதை முட்டையோடு அடித்துவிடுங்கள், ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம்.

செய்யுங்கள்: பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

கடையில் ஒரே அலமாரியில் மூன்று விதம் இருக்கும். முகத்துக்குப் பூசும் ரோஸ் வாட்டர், ரோஸ் எசென்ஸ், சமையலுக்கான பன்னீர். உணவுப் பொருள் என்றால் லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சாகியிருக்கும். அது இல்லாத பாட்டில் பிரௌனிக்கு ஆகாது. கல்யாண வாசலில் தெளிக்க வாங்கும் பன்னீரும் அப்படித்தான், தலையில் தெளிக்கலாம், தட்டில் தெளிக்காதீர்கள்.

நல்ல பன்னீர் என்பது ரோஜா இதழைக் கொதிக்கவைத்து இறக்கிய ஆவிநீர். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் இன்றும் செப்புக் கலத்தின் வாயைக் களிமண்ணால் அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இறக்குகிறார்கள். எசென்ஸ் வேறு. அதில் துளிக் கணக்குதான், ஸ்பூன் கணக்கு இல்லை. இளஞ்சிவப்பு நிறமும் சேர்ந்தே வரும், பழுப்பு நிறப் பிரௌனிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

செய்யாதீர்கள்: பூக்கடைப் பூவைத் தின்னக் கொடுக்காதீர்கள்

இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. மாலைக்கும் சரத்துக்கும் வளர்க்கும் ரோஜாவுக்கும் மல்லிக்கும் மொட்டுப்புழு, பேன் என்று மருந்து அடிப்பார்கள். சாமிக்கும் கூந்தலுக்கும் போகும் பூ என்பதால், யாராவது சாப்பிடுவார்கள் என்ற கணக்கே அங்கு கிடையாது. கழுவினால் முழுதாகப் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம். மாடித் தொட்டியில் மருந்து அடிக்காமல் வளர்த்த பன்னீர் ரோஜா இருந்தால் அதைவிட நல்லது இல்லை. இதழின் அடியில் வெள்ளையாக இருக்கும் பகுதி கசக்கும், கத்தரித்து எறிந்துவிடுங்கள். அழகுக்காகக்கூட அரளியையோ ஊமத்தையையோ செங்காந்தளையோ பிரௌனி தட்டில் வைக்காதீர்கள், மூன்றும் விஷம். பூ எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அது ஜாடியிலேயே இருக்கட்டும்.

செய்யுங்கள்: மல்லிகையை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், சாக்லேட்டோடு தூங்கவையுங்கள்

ரோஜாவை இதழ் இதழாகக் காய்ச்சி வடிக்கலாம். மல்லிகை அதற்குச் சரிப்படாது, சூடு பட்டால் வேகவைத்த கீரை வாடைதான் வரும். ஆனால் பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருப்பது மல்லிகையின் தனிக்குணம். மதியம் பறித்த மொட்டு இரவில் விரியும்போதுதான் முழு மணமும் வெளிவரும்.

இதைப் பயன்படுத்திக்கொண்டவர் 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் டஸ்கனியின் கிராண்ட் டியூக்காக இருந்த மூன்றாம் கோசிமோ மெடிச்சியின் மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி. அழுகும் இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை என்று 1668-ல் சோதனை செய்து காட்டினாரே, அதே ரெடிதான். வறுத்து நொறுக்கிய கோகோவையும் புதிய மல்லிகையையும் ஒரு பெட்டியில் அடுக்கடுக்காகப் போட்டு, ஒரு நாள் வைத்து, மறுநாள் புதுப்பூ மாற்றி, இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை செய்வது அவர் முறை. அரண்மனை இரகசியமாக இருந்த அந்தக் குறிப்பு அவர் காலத்துக்குப் பிறகே வெளியே வந்தது. நாம் தொட்டியில் வளர்க்கும், ரோஜாபோல் பருத்த அடுக்குமல்லி வகை ஒன்றுக்கு மேல்நாட்டுத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர் ‘கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி’.

பன்னிரண்டு நாள் பொறுமை நமக்குத் தேவையில்லை. டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, அகலமான டப்பாவில் பரப்புங்கள். அதன்மேல் சுத்தமான, உலர்ந்த மல்துணி. துணிமேல் மாலையில் மொட்டுகளைப் பரப்பி மூடிவிடுங்கள். காலையில் பூவை எடுத்துவிட வேண்டும். வாடிப் பழுத்த மல்லிகையில் இண்டோல் என்ற பொருளின் வாடை தூக்கலாகத் தெரியும், அது அந்துருண்டையை நினைவூட்டும். மூன்று இரவு இப்படி மாற்றினால் சாக்லேட்டே மணக்கும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் மொட்டு விரியாது. பூ தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்றாலும் பக்கத்தில் இருந்தது என்பதால், இதற்கும் மருந்து அடிக்காத பூவே வேண்டும். இப்படி மணமேற்றிய சாக்லேட்டில் 150 கிராமை மாவுக்கும் 100 கிராமைக் கனாஷுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாவில் போவதன் மணம் ஓவனில் குறையும், கனாஷில் போவது அப்படியே நிற்கும். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்ப்பேன் என்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

செய்யாதீர்கள்: லாவண்டரை மிளகுபோல் தூவாதீர்கள்

லாவண்டரில் சமையலுக்கானது அங்குஸ்டிஃபோலியா வகை. லாவண்டின் என்ற கலப்பு வகையில் கற்பூரவாடை கூடுதல், அது துணி அலமாரிக்கு. ஜம்மு பகுதியின் பதர்வா வட்டாரத்தில் இப்போது லாவண்டர் பயிராகிறது, ஊதாப் புரட்சி என்று செய்தியில் அடிபடுவது அதுதான். உலர்ந்த மொட்டு ஒரு டீஸ்பூன் போதும். சர்க்கரையோடு மிக்ஸியில் அரைத்துச் சலித்துவிடுங்கள், முழு மொட்டு பல்லில் கடிபட்டால் கசப்பு.

செய்யாதீர்கள்: அரோமா எண்ணெய்

விளக்கில் ஊற்றும் எண்ணெயும் உடம்பில் தேய்க்கும் எண்ணெயும் வயிற்றுக்கு அல்ல. அவ்வளவுதான்.

செய்யுங்கள்: சாக்லேட்டின் கசப்பைக் குறையுங்கள்

பிரௌனி என்றால் 70, 85 சதவீதக் கோகோ என்று வீரம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பூவுக்கு 55 முதல் 60 சதவீதமே நல்லது. வழக்கமாகச் சேர்க்கும் காபித்தூளை இந்த முறை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். அது சாக்லேட்டைத் தூக்கும், பூவை மிதிக்கும். வால்நட் தோலின் துவர்ப்பும் ரோஜாவுக்கு ஒத்துவராது, பிஸ்தா பொருந்தும். ஏலக்காய் ஒரு சிட்டிகை போடலாம், அதிலும் லினலூல் உண்டு. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். இவ்வளவு மெனக்கெட்டு மணமேற்றிவிட்டு நாக்கில் மெழுகாக ஒட்டும் சாக்லேட்டில் போய் ஏன் முடிக்க வேண்டும்?

குல்கந்து இருந்தால்

இது செய்யவேண்டியதிலும் சேரும், செய்யக்கூடாததிலும் சேரும். மூன்று மேசைக்கரண்டி குல்கந்தை மாவின் நடு அடுக்கில் வையுங்கள். மேலே வைக்காதீர்கள், கருகும். ஓவன் 175 டிகிரியில் இருந்தாலும் ஈரமான பிரௌனியின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அதனால் அங்கே வைத்த ரோஜா பிழைத்துக்கொள்ளும். குல்கந்தில் பாதிக்கு மேல் சர்க்கரை, எனவே மாவில் 40 கிராம் சர்க்கரையைக் குறைத்துவிடுங்கள். முட்டை சேர்க்காமல் கண்டென்ஸ்டு மில்க்கில் செய்பவர்கள் இன்னும் குறைக்க வேண்டும்.

செய்யாதீர்கள்: இரண்டு பூக்களைக் கலக்காதீர்கள்

ரோஜாவும் லாவண்டரும் சேர்ந்தால் எதுவும் தனியாகத் தெரியாது, ஊதுபத்திக் கடைதான் தெரியும். தாழம்பூ எசென்ஸ் இன்னும் முரடு. ஒடிசாவின் கஞ்சாமிலிருந்து வரும் நல்ல சரக்காக இருந்தாலும் இரண்டு துளியோடு மூடியை இறுக்குங்கள்.

செய்யுங்கள்: சீக்கிரம் எடுங்கள், மெதுவாகத் தின்னுங்கள்

குச்சியைக் குத்தினால் சுத்தமாக வரக்கூடாது, ஈரத் துணுக்கு ஒட்டியிருக்கும்போதே ஓவனை விட்டு எடுத்துவிட வேண்டும். அதிகம் வெந்த பிரௌனி காயும், காயும்போது மணத்தையும் விட்டுவிடும். முழுவதும் ஆறிய பிறகே வெட்டுங்கள். ஒரு இரவு மூடி வைத்தால் மணம் ஒரே சீராகப் பரவியிருக்கும்.

மூடி என்றால் காற்றுப் புகாத மூடி. கோகோ வெண்ணெய் மல்லிகையை எப்படி இழுத்துக்கொண்டதோ அப்படியே ஃபிரிட்ஜில் இருக்கும் பெருங்காயத்தையும் வெட்டிய வெங்காயத்தையும் இழுத்துக்கொள்ளும். கனாஷ் பூசியதை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், ஆனால் பரிமாற அரை மணி முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த பிரௌனியில் சர்க்கரை மட்டும்தான் தெரியும்.